சின்னப்பனுக்கு இரண்டு வைத்தியம்

சின்னப்பன் சாகக் கூடாது. சவரிநாதனுக்கு அந்த வாரம் முழுக்க இது ஒன்றுதான் கவலை.

சின்னப்பன் ஒரு தங்க மீன். திண்டிவனத்தில், சவரிநாதன் வீட்டு டிவிக்குப் பக்கத்தில், இருபத்தைந்து லிட்டர் தொட்டியில் மூன்று வருடமாகக் குடியிருக்கிறது. பத்தொன்பது நாளாக அதற்குக் கூடுதல் வேலை. புருஷனும் பெண்டாட்டியும் அதன் மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

"சின்னப்பா, கொழம்பு அடுப்பு மேல இருக்குது. வேணும்னா சுட வெச்சி சாப்பிடச் சொல்லு" என்பாள் அக்னஸ், தொட்டியைப் பார்த்து.

"சின்னப்பா, கேஸ் புக் பண்ணியாச்சான்னு கேளு" என்பார் சவரிநாதன், அதே தொட்டியைப் பார்த்து.

மீன் இருவருக்கும் பொதுவாக வாயைத் திறந்து மூடும்.

எல்லாம் கிளியனூர் விசேஷத்தால் வந்தது. அக்னஸின் தம்பி மகளுக்குப் புதுநன்மை, மாதா கோயிலில் முதல் நற்கருணை வாங்கும் நாள். "பஸ் ஸ்டாண்டுல நில்லு, டூட்டி முடிச்சிக்கினு வந்துடறேன்" என்று சொன்ன கண்டக்டர் சவரிநாதன், வேறொருவருக்காக இன்னொரு நடை போய்விட்டார். போனில் சார்ஜ் இல்லை. பட்டுப்புடவையோடு வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றாள் அக்னஸ். அன்றோடு பேச்சு நின்றது.

சமாதானம் பேச வேண்டும் என்று அவரும் தினமும் நினைத்தார். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் ஆறு நடை போய் வந்தால், முழங்காலுக்குக் கீழே கால் இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டியிருக்கும். நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்த நினைப்பும் கூடவே உட்கார்ந்துவிடும்.

இந்த நிலைமையில்தான் சின்னப்பன் மேல் ரவையைத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள். விழுப்புரத்தில் மீன் கடை வைத்திருக்கும் கலைப்பிரியா வைத்தியம் சொன்னாள்.

"கல்லுப்பு போடுங்கண்ணே. தெனம் ஒரு ஸ்பூன், டம்ளர்ல கரைச்சி ஊத்துங்க. அஞ்சு நாளு போதும். தண்ணி கொறைஞ்சா வெறுந்தண்ணி மட்டும் ஊத்தணும். தண்ணிதான் ஆவியாப் போவும், உப்பு உள்ளயே நின்னுக்கும்."

விடியற்காலை நாலரைக்கு, டூட்டிக்குக் கிளம்பும் முன், சவரிநாதன் தவறாமல் ஊற்றினார். ஐந்தாம் நாள் காலையில் புள்ளி குறைந்திருந்தது. ஆனால் மீன் மேலே வந்து, ஒருக்களித்து, காற்றுக்கு வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

அன்று பதினொன்றே முக்கால். வண்டி திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நின்றதும் கலைப்பிரியாவுக்குப் போன் போட்டார்.

"தண்ணிய நாக்குல வெச்சிப் பாத்தீங்களாண்ணே?"

"மீன் குளிச்ச தண்ணிய நான் ஏம்மா நக்கணும்?"

"கண்ணாடி ஓரமாவது பாத்தீங்களா?"

"பாத்தேன். வெள்ளையா பூத்துக் கெடக்குது."



"அண்ணே, உங்க ஊர்லேர்ந்து ஒரு அம்மாவும் போன் பண்ணிச்சி. தீனி டப்பாவுல நம்பர் பாத்தாங்களாம். அதே வெள்ளைப் புள்ளி, அதே இருவத்தஞ்சி லிட்டர். அவங்களுக்கும் இதே வைத்தியம்தான் சொன்னேன். இன்னிக்கிக் காலைல மறுபடி கூப்ட்டு, கொணம் தெரியல, ரெண்டு ஸ்பூனா போடறேன்னாங்க. வேணாம்மான்னேன், கேட்ட மாதிரி தெரியல."

"பேரு இன்னா?"

"அவங்க பேரு கேக்கல. மீனு பேரு சின்னப்பன்னாங்க."

சவரிநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எப்பப் போடறாங்களாம்?"

"மத்தியானம் பன்னெண்டுக்கு மாதா கோயில் மணி அடிச்சி, ஜெபம் சொல்லிட்டுன்னாங்க. அண்ணே, இன்னொரு ஸ்பூன் உள்ள போனா தாங்காது! மொத்தத் தண்ணியும் ஒரே அடியா மாத்திடாதீங்க, அதுவும் தாங்காது. புடிச்சி வெச்ச வெறுந்தண்ணி இப்ப கால் பங்கு, சாயங்காலம் கால் பங்கு. துண்டு போட்டு மூடிடுங்க. கிட்ட நின்னு பேசக் கூடாது. மூணு நாளு அதை நிம்மதியா வுடுங்க."

மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. வீட்டுக்குப் போன் அடித்தார். ரிங் போனது. அக்னஸ் துண்டித்தாள். மறுபடி அடித்தார். மறுபடி துண்டித்தாள்.

டிக்கெட் மெஷினைத் தோளில் மாட்டியபடியே ஓடினார்.

"யோவ், பன்னெண்டு அஞ்சுக்கு வண்டி எடுக்கணும்யா!" என்று கத்தினார் டிரைவர் முருகையன். "எங்க ஓடற?"

"மீனுக்கு சீரியஸ்ணே!"

மூன்று தெரு. இரண்டாவது தெருவிலேயே கால்கள் கெஞ்சின. வாசல் ஏறும்போது கோயில் மணி அடித்து ஓய்ந்தது. உள்ளே அக்னஸ் சிலுவை அடையாளம் போட்டு முடித்து, டம்ளரைக் கையில் எடுத்துவிட்டாள்.

"அக்னஸ்! ஊத்தாத!"

பத்தொன்பது நாளில் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. அவள் திகைத்துப் போய், பழக்க தோஷத்தில் தொட்டியைப் பார்த்தாள். "சின்னப்பா, டூட்டி நேரத்துல இவருக்கு இங்க இன்னா வேலையாம்?"

"நானும் உப்பு போட்டுக்கினு இருக்கேன். தெனமும் காலைல."

டம்ளர் மேசைக்கு இறங்கியது. விரலைத் தொட்டியில் நனைத்து நாக்கில் வைத்தாள். முகம் சுருங்கியது.

"ஐயோ மாதாவே! ஊறுகாயே போட்டுட்டோமே."

அவர் சொம்பு சொம்பாக மொண்டு வெளியே எடுத்தார். அவள் குடத்துத் தண்ணீரை மெல்ல ஊற்றினாள். கலைப்பிரியா சொன்னதையெல்லாம் அவர் ஒப்பித்து, துண்டு போட்டு மூடியபோது பன்னிரண்டு ஐந்து. ஸ்டாண்டிலிருந்து ஹாரன் விடாமல் கத்தியது.

சாயங்காலம் வழியில் எங்கும் நிற்காமல் நேராக வீட்டுக்கு வந்தார். அக்னஸ் இரண்டாம் குடத்தைத் தயாராக வைத்திருந்தாள். துண்டை விலக்கினார்கள். சின்னப்பன் மேலே இல்லை. அடியில், நிமிர்ந்து, களைத்துப் போய், ஆனால் செவுள் சீராக அசைய, நின்றிருந்தது. கால் பங்கு மாற்றி மறுபடி மூடினார்கள்.

சவரிநாதன் நாற்காலியில் விழுந்தார். அக்னஸ் தட்டோடு வந்தாள். துண்டைப் பார்த்து வாயைத் திறந்தாள். கிட்ட நின்று பேசக் கூடாது என்பது ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டாள். அறையில் வேறு யாருமில்லை. அவரைப் பார்த்துத் திரும்பினாள்.

"அன்னிக்கி ரெண்டு மணி நேரம் நின்னேன்."

தினமும் நான் எட்டு மணி நேரம் நிற்கிறேன் என்பது நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினார்.

"யார் போன்லேர்ந்தாவது சொல்லியிருக்கணும். சொல்லல. தப்புதான்."

"இதைச் சொல்ல பத்தொம்பது நாளா?"

"கால் வலி."

"காலாலயா பேசுவீங்க?"

துண்டுக்குள் தண்ணீர் மெல்லச் சலசலத்தது.

"மெதுவா பேசு" என்றார் சவரிநாதன். "அது தூங்கட்டும்."