பிளேட்டுக்குள் இருமுகிறவர்

"அப்பா, இந்த பிளேட்டுக்குள்ள இருமுதாரே ஒரு மாமா, அவருக்கு ஆராச்சும் தண்ணி குடுத்தாவளா?"

ஏழு வயது பூமாரி ஒரு நாள் இப்படிக் கேட்டாள். கேட்டுவிட்டுப் பாண்டி ஆடப் போய்விட்டாள். கேள்வி மட்டும் பிரம்மநாயகத்தின் வீட்டிலேயே தங்கிவிட்டது.

பிரம்மநாயகத்துக்குப் பம்பாய் மாதுங்கா மார்க்கெட்டில் தேங்காய்க் கடை. விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டி, இது முற்றல், இது இளசு, இது அழுகல் என்று சொல்லிவிடுவார். கடவுள் அந்தக் காதைத் தேங்காய்க்கு மட்டும் கொடுக்கவில்லை, சங்கீதத்துக்கும் சேர்த்தே கொடுத்திருந்தார். அதனால் வந்ததுதான் அந்தத் திருட்டு.

திருட்டு என்றே சொல்லிவிடலாம். மாதுங்காவில் நடக்கும் கச்சேரிகளை யாருக்கும் தெரியாமல் பதிவு செய்து, கிராமபோன் பிளேட்டாகப் போட்டு வைத்துக்கொள்ளும் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் பிரம்மநாயகம். அடுத்தவர் செம்பூர் ஷ்யாமளா மாமி, கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்றாமவர் ஞானராஜ். பிளேட் வெட்டும் பழைய மெஷின் ஒன்றை ஏலத்தில் எடுத்து வந்து, தாராவியில் தன் ஒற்றை அறையில் வைத்திருந்தார். மெஷினுக்கு இடம் விட்டு அவர் குடும்பம் குறுக்கிப் படுத்தது.

சபா மண்டபத்தின் பின்சந்தில் பிரம்மநாயகத்தின் தேங்காய்க் கைவண்டி நிற்கும். சாக்குக்கு அடியில் ஞானராஜின் டேப் மெஷின் பாட்டரியில் ஓடும். அதிலிருந்து கிளம்பும் ஒயர் சுவரேறி, வெண்டிலேட்டர் வழியாக உள்ளே ஒரு மைக்கைத் தொங்கவிடும். மெஷினை ஓடவிட்டு, மூவரும் டிக்கெட் எடுத்து உள்ளே போய் யோக்கியர்களாக உட்கார்ந்துகொள்வார்கள். பிறகு அந்த டேப்பிலிருந்து ஆளுக்கொரு பிளேட்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமி வீட்டில் தரம் பார்ப்பார்கள். நயா பைசா வந்து எட்டு வருஷம் ஆகியும் மாமி அணாவில்தான் மதிப்பிடுவார். பதினாறு அணா என்றால் வித்வான் எதிரே உட்கார்ந்திருக்கிறார். பன்னிரண்டு என்றால் அடுத்த அறையில் இருக்கிறார். எட்டு என்றால், அவர்தான் பாடுகிறார் என்று கோர்ட்டில் சத்தியம் செய்யலாம். நாலு என்றால் யாரோ பாடுகிறார்கள். ஒரு அணா என்றால் மழை பெய்கிறது. டிரெய்ன் போனால் அரை அணா குறையும். ஃபாஸ்ட் லோக்கலுக்கு மட்டும் மன்னிப்பு உண்டு, சீக்கிரம் போய்விடுகிறதல்லவா. கேன்டீனில் டம்ளர் விழுந்தால் கால் அணா.

எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கும், அந்த இருமல் மட்டும் இல்லையென்றால். நாலு வருஷம், பதினேழு கச்சேரி, எல்லாவற்றிலும் ஒரே இருமல். வித்வானைவிடப் பக்கத்தில் கேட்கும்.

"இது இருமலா, இடியா?" என்று மாமி ஊசியைத் தூக்கினார். "மனுஷன் உருகி உருகி மேல் ஷட்ஜத்துக்குப் போறச்சே, லொக்குன்னு குறுக்க வந்து நிக்கறான். ரெண்டு அணா கட்."

"ஆனா மாமி, தாளம் தப்பாம இருமுதான்" என்றார் ஞானராஜ்.

"அதுக்கு அரை அணா போட்டுக் குடுத்தாச்சு. உக்காருங்கோ."

இதனால் அவர்களுக்கு ஒரு பதினாறு அணா பிளேட்கூட வாய்க்கவில்லை. இப்போது கடைசி வாய்ப்பு வந்திருந்தது. ராமநவமிக்கு ஆழ்வார்குறிச்சி கோமதிநாயகம் பாட வருகிறார். வயது எழுபத்தெட்டு. யந்திரத்துக்கு முன்னால் வாய் திறக்க மாட்டேன் என்று எந்தக் கம்பெனிக்கும் பாடாதவர். இனிமேல் பம்பாய்க்கு வருவதில்லை என்றும் சொல்லியனுப்பிவிட்டார். அவருடைய தோடி மட்டும் சுத்தமாக விழுந்துவிட்டால், அப்புறம் தேங்காய் விலை தரையைத் தொட்டாலும் கவலையில்லை என்று பிரம்மநாயகம் இருந்தார்.

"நாயகம், அந்த இருமல்காரனைத் தேடிப் பிடிங்கோ" என்றார் மாமி. "டிக்கெட்டை நாமளே வாங்கிண்டு, அன்னிக்கு மட்டும் ஆத்துலயே இருக்கச் சொல்லுங்கோ."

பிரம்மநாயகம் கிளம்பினார். விரட்டுவதற்குத்தான் கிளம்பினார். ஆனால் பூமாரியின் கேள்வியும் கூடவே வந்தது. வெறுங்கையோடு போய் ஒரு நோயாளியை விரட்டுவது பாவம் என்று, ஒரு பாட்டில் ஆடாதோடைக் கஷாயத்தையும் எடுத்துக்கொண்டார்.

இருமுகிறவனை எங்கே தேடுவது? தாராவி டிஸ்பென்சரி வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

கம்பவுண்டர் முகைதீன் இரண்டாம் நாள் கேட்டார்: "என்ன அண்ணாச்சி, தெனமும் வாரிய, மருந்து ஒண்ணும் வாங்கக் காணோம்?"

"மருந்துக்கு வரல்ல, பாய். இருமல் கேக்க வந்தேன்."

முகைதீன் தலையைச் சொறிந்துகொண்டே உள்ளே போனார்.

பிரம்மநாயகம் வருகிறவர்களிடம் பணிவாக, "கொஞ்சம் இருமுங்க" என்பார். காதைச் சாய்த்துக் கேட்பார். "இல்ல, இதுல வால் இல்ல" என்று அனுப்பிவிடுவார். அவர் தேடிய இருமலின் கடைசியில், செம்பு உருண்டு நிற்கிற மாதிரி ஒரு இழுப்பு உண்டு. மூன்றாம் நாள் டாக்டர் அறையைவிட அவர் பெஞ்சுக்கு முன்னால் நீளமாக வரிசை நின்றது. ஒரு மராட்டியப் பெண் கைக்குழந்தையை நீட்டினாள். அவர் கேட்டுவிட்டு, "இது கக்குவான் மாதிரி இருக்கு, மொதல்ல உள்ள தூக்கிட்டுப் போங்க" என்று கையைக் காட்டினார். அது சரியாகவும் இருந்துவிட்டது. நாலாம் நாள் டாக்டரே வெளியே வந்து கைகூப்பி, வேறு பெஞ்ச் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். கஷாயம் யார் யார் இருமலுக்கோ தீர்ந்துபோயிருந்தது. அதில் பிரம்மநாயகத்துக்கு வருத்தம் இல்லை.

ராமநவமிக்கு ஒரு வாரம் முன்னால், ஒரு சின்னப் பெண்ணின் கச்சேரியில் ஒத்திகை பார்த்தார்கள். மைக்கின் உயரம் சரியா என்று பார்க்கப் பிரம்மநாயகம் பாட்டின் நடுவே சந்துக்கு வந்தார். கைவண்டிச் சக்கரத்தில் சாய்ந்து ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். தன் துண்டைச் சுவரில் ஒயரை மறைத்துத் தொங்கவிட்டிருந்தார். புது ஆள் இல்லை. நாலு வருஷமாகக் கண்ணில் பட்டவர்தான். ஞானராஜ் காவலுக்கு வைத்த ஆள் என்று பிரம்மநாயகம் நினைத்திருந்தார். அண்ணாச்சியின் வண்டிக்காரர் என்று ஞானராஜ் நினைத்திருந்தார்.

சந்து முனையில் வாட்ச்மேனின் கம்புச் சத்தம் கேட்டது. அந்த ஆள் நிமிர்ந்து உட்கார்ந்து இருமினார். வாலோடு இருமினார்.

"அரே காஸிவாலா, டாக்டர் கோ திகா!" என்று, இருமல்காரனை டாக்டரிடம் போகச் சொல்லி அலுத்துக்கொண்டே வாட்ச்மேன் திரும்பிப் போனார். கம்புச் சத்தம் நின்றதும் இருமலும் நின்றது, சுவிட்சை அணைத்த மாதிரி. அந்த ஆள் தொடையில் தாளம் போடத் தொடங்கினார்.

"ஒமக்கு எத்தனை நாளா இந்த இருமல்?" என்று பிரம்மநாயகம் மெதுவாகக் கேட்டார்.

"இருமலா? எனக்கா? ஒரு சீக்கும் கெடையாதே அண்ணாச்சி!"

"பின்ன இப்ப இருமுனது ஆரு?"

"உங்க மெஷினு கிர்ருன்னு சத்தம் போடுதுல்லா. வாட்ச்மேன் காதுல விழுந்தா மெஷினும் போச்சு, வண்டியும் போச்சு. அதான் கம்புச் சத்தம் கேட்டா இருமிருவேன். மொதல்ல சும்மா லொக்கு லொக்குன்னுதான் இருமுனேன். அவன் நம்பணும்லா? பெறவு கடைசில ஒரு இழுப்புச் சேத்துக்கிட்டேன். நல்லாருக்கா?"

அவர் பெயர் சிவனாண்டி. தாராவி டின் பட்டறையில் நெளிந்த எண்ணெய் டின்களைத் தட்டி நிமிர்த்துகிற வேலை. "பகல் பூரா காதுக்குள்ள டின்னுதான் அண்ணாச்சி. சாயங்காலம் வேற சத்தம் கொஞ்சம் போட்டாத்தான் ராத்திரி தூக்கம் வரும். உள்ள போவ டிக்கெட்டுக்கு நான் எங்க போவேன்?"

"சரி, எங்களுக்காவ நீரு எதுக்கு இருமணும்?"

சிவனாண்டி அவரை ஆச்சரியமாகப் பார்த்தார். "ஆரோ படுக்கைய விட்டு எந்திரிக்க முடியாதவுகளுக்குப் பாட்டுப் புடிச்சிட்டுப் போறீகன்னு நெனைச்சேன். இல்லாட்டி மனுசன் இம்புட்டுப் பாடுபடுவானா?"

பிரம்மநாயகத்துக்குப் பொய் சொல்லவும் மனமில்லை, உண்மை சொல்லவும் நாக்கு எழவில்லை.

"பாட்டு நல்லா விழுதா அண்ணாச்சி?"

"நல்லா விழுது" என்றார். "ஒம்ம பங்கும் அதுல இருக்கு."

அன்று வீட்டுக்குப் போய்ப் பதினேழு பிளேட்டையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஒவ்வொரு உறையிலும் 'இருமல், 2 அணா குறை' என்று மாமியின் அழகான கையெழுத்து. அந்த ரெண்டு அணா இல்லாவிட்டால் மீதிப் பதினாலும் இல்லை என்பது, கணக்கு டீச்சர் உட்பட யாருக்கும் தோன்றவில்லை.

ஆனால் ராமநவமி நெருங்கிக்கொண்டிருந்தது. சிவனாண்டி இருமினால் தோடி கெடும். இருமாவிட்டால் மெஷின் பிடிபடும். வாட்ச்மேனோ லஞ்சம் வாங்காதவர். முன்பொரு தரம் கொடுத்துப் பார்த்த கூடைத் தேங்காய், எண்ணிக்கை குறையாமல் திரும்பி வந்திருந்தது. பிரம்மநாயகம் இரண்டு நாள் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்தார். சாமி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதபோதுதான் அவருக்கு வழக்கமாகப் பதில் விளங்கும்.

மாமியிடம் போய், "ஆளைக் கண்டுபிடிச்சாச்சு. ராமநவமிக்கு அவர் இரும மாட்டார்" என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அப்புறம் டின் பட்டறைக்குப் போய், மூன்றாம் வரிசை டிக்கெட்டை நீட்டினார். "கடையில லோடு எறங்குது. என்னால கச்சேரிக்கு வர முடியல்ல. டிக்கெட்டு வீணாப் போவுது." சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று, தேவையில்லாத ஒரு லோடு தேங்காயை ராமநவமியன்று காலையில் நிஜமாகவே இறக்கிக்கொண்டார்.

சிவனாண்டி டிக்கெட்டை இரண்டு கையாலும் வாங்கினார். உடனே முகம் வாடியது. "அப்ப மெஷினுக்கு ஆரு இருமுவா?"

"அதுக்கு ஆள் போட்டாச்சு."

ராமநவமியன்று மாலை மண்டபம் நிறைந்து வழிந்தது. பின்சந்தில் பிரம்மநாயகம் சக்கரத்தில் சாய்ந்து, தன் துண்டால் ஒயரை மூடிவிட்டு உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் கழித்துக் கிழவர் தோடியை எடுத்தார். குரல் மெலிந்துதான் இருந்தது. ஆனாலும் ஒரு சுரத்தை விட்டு அடுத்த சுரத்துக்குப் போகும்போது, தூங்குகிற குழந்தையைத் தோள் மாற்றுகிற பதனம் அதில் இருந்தது. உள்ளே ஒருவர் மூச்சுக்கூடக் கேட்கவில்லை. டிரெய்ன் இல்லை. டம்ளர் இல்லை. பிரம்மநாயகம் கண்ணை மூடிக்கொண்டு, விரல் முட்டியால் மனசுக்குள் தட்டிப் பார்த்தார். பதினாறு அணா. தேய்மானம் இல்லாத பதினாறு.

கிழவர் கீழே கீழே இறங்கி, இனிமேல் சத்தமே இல்லை என்கிற இடத்துக்கு வந்துவிட்டார். சாக்குக்குள் மெஷின் கிர்ரென்றது.

சந்து முனையில் கம்பு தட்டியது.

ஒருவேளை இந்தப் பக்கம் வராமல் போய்விடுவாரோ? ஒரு கணம் சும்மா இருந்து பார்க்கலாமா? கம்பு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் தட்டியது. பதினேழு கச்சேரியில் சிவனாண்டி ஒரு தடவைகூட அப்படிச் சும்மா இருந்து பார்க்கவில்லை.

பிரம்மநாயகம் வாயைத் திறந்தார். முதல் இருமல் வெட்கப்பட்டுக்கொண்டு வந்தது, அது போதாது. இரண்டாவதை அடிவயிற்றிலிருந்து எடுத்து, தோடியின் நட்ட நடுவில் போட்டார்.

"ஃபிர் வஹி காஸிவாலா", மறுபடியும் அதே இருமல்காரன்தான் என்று முணுமுணுத்துக்கொண்டு, வாட்ச்மேன் சந்துக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் திரும்பிப் போனார்.

பிரம்மநாயகம் காவலுக்கு இருக்கட்டும் என்று இன்னும் இரண்டு தரம் இருமினார். பிறகு சாக்கின் மேல் கை வைத்துப் பார்த்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.