பூட்டிக்கொண்டவர் டோனட் வாங்க வேண்டும்

மூன்று கருவிகளையும் பிரவுசரில் அடுத்தடுத்துத் திறந்து வைத்திருந்தேன். எங்கள் மாவட்டத்தின் பழைய கணினிகள் எல்லாம் இப்போது ஒரே பெரிய சர்வருக்குள் மெய்நிகர் கணினிகளாகக் குடியிருக்கின்றன. அவற்றின் திரையை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்க எது நல்லது என்று மாலைக்குள் எழுதித் தரவேண்டும். முதலாவதில் நான் தட்டியது ஒரு எழுத்து, விழுந்தது வேறு. இரண்டாவது நல்ல வேகம். மூன்றாவது ஒரே இழுவை, ஆனால் ஒரே திரையை இரண்டு பேர் பார்க்கலாம், இரண்டு பேரும் தட்டலாம். அது யாருக்கு வேண்டும் என்று எழுதி வைத்தேன்.

இருபது வருடத்துக்கு முன்பு, என்னோடு வேலை பார்த்த டோய்வோவின் கார்தான் எங்கள் கருவி. தூரத்துக் கணினியில், யாரை உள்ளே விடலாம் என்று சொல்லும் தடுப்பு விதியை மாற்றப்போய், நம்மையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொள்வோம். எங்கள் தொழிலில் இதைச் செய்யாதவர் இல்லை. அப்புறம் அதை நேரில் போய்த் திறக்க, டுலூத்திலிருந்து ஈலி ஊர் வரை பனியில் நூறு மைல். பூட்டிக்கொண்டவர் வழியில் டோனட் வாங்க வேண்டும். பெரும்பாலும் நான்தான் வாங்கினேன். அந்தக் காரின் ஹீட்டர் என் பக்கம் மட்டும் வேலை செய்யாது. இருந்தும் அந்த நாட்களை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

இன்றும் அதே கூத்து. பனி அள்ளும் வண்டிகளுக்கு வழி சொல்லும் கணினியில் விதியை மாற்றிப் பார்த்தேன், பூட்டிக்கொண்டேன். இரவு பத்து அங்குலம் பனி என்கிறார்கள். திரை தெரிகிறது, ஆனால் பாஸ்வேர்டு கேட்கிறது. அது டோய்வோவுக்கு மட்டும் தெரியும். அணைத்துப் போட்டால் அந்தக் கிழட்டுக் கணினி மறுபடி எழுமா என்பது சந்தேகம். டோய்வோவுக்கோ வசந்தத்தில் பக்கவாதம் வந்து, வலது கை போய்விட்டது. பேரப்பிள்ளைகளின் பெயர்கூட மறக்கிறதாம்.

போன் செய்தேன்.

"டோய்வோ, பனி வண்டி மெஷின்ல பூட்டிக்கிட்டேன்."

"இத்தனை வருஷம் கழிச்சுமா? வெக்கமா இல்ல உனக்கு?" நாக்கு கொஞ்சம் குழறியது.

"பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கா?"

"வாயால சொல்ல வராதுன்னு தெரியாதா, மார்லா? அது விரலுக்குத்தான் தெரியும். இடது கைக்குத் தெரியுமான்னுதான் தெரியல."

மூன்றாவது கருவியின் இணைப்பை அனுப்பினேன். அவர் வீட்டிலிருந்தே இடது கையால் தட்டினார். பாஸ்வேர்டு தட்டும்போது திரையில் ஒன்றும் தெரியாது. கோடு மட்டும் துடிக்கும். தப்பு என்று வந்தது. மறுபடியும் தப்பு. எனக்குச் சாலைகளைப் பற்றிய பயம் போய், அவரைப் பற்றிய பயம் வந்துவிட்டது. நான் ஏன் இவரைக் கேட்டேன்?

"போதும் டோய்வோ, வேற வழி பாத்துக்கறேன்."

"சும்மா இரு."

கோடு துடித்தது. அவர் விசைகளை ஒவ்வொன்றாகத் தட்டுவது போனில் கேட்டது.

திரை திறந்துகொண்டது. நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். யாரும் தொடாத என் விசைப்பலகைக்கு மேலே, திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒன்று தப்பாக விழுந்தது, அழிந்தது, மறுபடி வந்தது: டோ… ன… ட்… யா… ரு…