இரண்டு நாளுக்கு ஒரு மாற்றாள்

இன்வர்லாக் கடற்கரையில் என் புருஷன் ரோரி பிடித்திருந்த அறைக்கு எங்கள் பண்ணையிலிருந்து முக்கால் மணி நேரம்தான். அதற்கு மூன்று வாரமாகத் திட்டம் போட்டான். குழந்தை பிறக்க இன்னும் ஆறு வாரம். அதற்குள் நாங்கள் இருவர் மட்டும் இரண்டு நாள் சும்மா கிடக்க வேண்டுமாம். சும்மா கிடக்க எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. இருநூற்றுப் பத்து மாடுகளை ஒன்பது வருடமாகக் காலையும் மாலையும் மெஷின் மாட்டி நான்தான் கறக்கிறேன். ரோரி பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மாட்டுக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்பது வரைக்கும் அவனுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மாலைக் கறவைக்கு டாம்சின் வந்தாள். பண்ணைக்காரர்கள் ஊருக்குப் போனால் வந்து கறந்து கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. என் வயதுதான். ஒரே அணியில் வலைப்பந்து ஆடியிருக்கிறோம். அவளுக்காக நான் எழுதிவைத்த குறிப்பு ஏழு பக்கம்.

"என்னடி இது, உயிலா?" என்றாள்.

"எல்லாத்தையும் படி."

"படிக்கிறேன், நீ கெளம்பு. புருஷன் கார்ல ஒக்காந்து காஞ்சுக்கிட்டிருக்கான்."

நான் கிளம்பவில்லை. கொட்டகை வாசலிலேயே நின்றேன். மாடுகள் மிரளும், ஒன்றிரண்டு உதைக்கும், பால் இறங்காது என்று காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. என்னைக் கண்டால் முறைக்கிற கிழட்டு மாடுகூட அவளிடம் சாதுவாகப் போய் நின்றது. நன்றிகெட்ட ஜென்மங்கள்! எனக்கு வயிறு எரிந்தது. உள்ளே இருந்ததும் தன் பங்குக்கு ஓர் உதை விட்டது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவள் சொதப்ப வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பிரசவத்துக்குப் பிறகும் கொஞ்ச நாள் இவளையே வைத்துக்கொள்ளலாம் என்று ரோரி சொல்லியிருந்தான். முடியாது, ஐந்தாம் நாளே கறவைக்கு வந்துவிடுவேன் என்று நான் சண்டை பிடித்திருந்தேன். இவள் ஒரு தப்புச் செய்தால் போதும், என் பேச்சே ஜெயிக்கும்.

கார் ஹாரன் அடித்தது.

"பிரைடி! இருட்டுறதுக்குள்ள போயிடலாம்மா!"

"இதோ வரேன்!" என்று கத்திவிட்டு அங்கேயே நின்றேன்.

அப்போது டாம்சின் ஒரு மாட்டின் முன் நின்றுவிட்டாள். "மருந்து போட்ட மாடு எது?"

"எதுவும் இல்லியே. இருந்தா பின்னங்கால்ல சிவப்புப் பட்டை கட்டியிருப்பேன். மூணாம் பக்கத்துல எழுதியிருக்கேன்ல?"

"பக்கத்துல இருக்கு, கால்லதான் இல்ல. குப்பைக்கூடையில மருந்துக்குழாய் கெடக்கு. அதான் ஒவ்வொண்ணா மடியத் தொட்டுப் பாத்துக்கிட்டே வந்தேன். இதுக்கு ஒரு பக்கம் கல்லாட்டம் இருக்கு, சுடுது."

எழுபத்தாறாம் நம்பர். மறந்தே போயிருந்தேன். அன்று காலை கறந்து முடித்ததும் மடிநோய்க்கு நான்தான் மருந்து ஏற்றினேன். பட்டை கட்டக் குனிந்தேன், வயிறு விடவில்லை. அப்புறம் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, அந்த ஏழு பக்கத்தை எழுத உட்கார்ந்துவிட்டேன். அவளை நம்பாமல் எழுதிய ஏழு பக்கம்.

மருந்து இறங்கிய அந்த ஒரு மாட்டுப் பால் கலந்திருந்தால் தொட்டிப் பால் மொத்தமும் சாக்கடைக்குத்தான். தெரியாமல் பால் கம்பெனி லாரியில் ஏறியிருந்தால் பக்கத்துப் பண்ணைகளின் பாலும் சேர்ந்து பாழ்.

"தொட்டிக்குப் போயிடுச்சா?" என்றேன்.

"பைத்தியமா? தனி வாளியில கறக்கப்போறேன்." சிவப்புப் பட்டையை எடுத்துச் சட்டென்று குனிந்து கட்டினாள். "மூஞ்சிய அப்படி வச்சுக்காதடி. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவள் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அதற்கும் வழியில்லை. ரோரி காரை விட்டிறங்கி வந்து, ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் பார்த்தான்.

"தப்பு பண்ணிட்டேன் ரோரி. அவ இல்ல, நான்," என்றேன். பிறகு டாம்சினிடம், "குழந்தை பொறந்தப்புறம் ஆறு வாரம் வர முடியுமா?" என்று கேட்டேன்.

அவள் வாளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எட்டு வாரம்னு உன் புருஷன் போன மாசமே கேட்டான். பிரைடியே வந்து கேக்கட்டும்னு சொல்லிட்டேன்."

ரோரி தரையைப் பார்த்தான். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

"எட்டே இருக்கட்டும்," என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. மாடுகளுக்காக இல்லை. இத்தனை மாதமாக என் பிள்ளையை ஓர் இடைஞ்சலாகவே சுமந்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.