தூர்வாராமல் விட்ட வளைவு

கதை எழுதிப் பழக்கமில்லாத ஒருவர் எழுதத் துணிந்ததைப் பெரியோர் பொறுத்தருள வேண்டும். நீர்த்தாவரங்களைப் பற்றி எழுதத் தகுதி உள்ளவர்கள் பலர் இருக்கிறார்கள். குரிஹாரா மிவாகோவைப் பற்றி எழுத எவரும் முன்வரவில்லை என்பது ஒன்றே இந்தத் துணிவுக்குக் காரணம்.

மிவாகோ நகரத்து மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. ஐம்பது வயதைத் தாண்டியவர். தோச்சிகிப் பகுதியின் நெல்வயல்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் நுமாகிஷி ஊரின் கடைசி வீட்டில், தாயாரின் மறைவுக்குப் பிறகு தனியாக வசித்துவந்தார். அவருக்கு வயல் கிடையாது. வயல் இல்லாத வீட்டுக்கு வாய்க்கால் வேலையும் கிடையாது. ஆகவே, நடவுக்கு முன்பு ஊரே திரண்டு வாய்க்காலைத் தூர்வாரும் நாளில் அவரை மட்டும் யாரும் அழைப்பதில்லை. அதில் வெறுப்பு எதுவும் இல்லை. படித்தவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற மரியாதைதான். அன்றைக்கு அவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு விடைத்தாள் திருத்துவார். கரையிலிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்கும்.

ஒரு கோடையின் முடிவில், வாய்க்கால் திரும்பும் வளைவில் அவர் அந்தப் பூவைக் கண்டார்.

கோஹோனே எங்கள் குளங்களில் அரிய செடி அல்ல. அல்லிக் குடும்பத்தைச் சேர்ந்தது. சேற்றில் கிடக்கும் அதன் தண்டு வெளுத்த முதுகெலும்பைப் போலிருக்கும். நீருக்கு மேல் எழும் மஞ்சள் பூவில் இதழ்கள் என்று நாம் நினைப்பவை உண்மையில் புல்லிதழ்களே. அசல் அல்லிதழ்கள் மகரந்தத்தாள்களை ஒட்டி, யார் கண்ணிலும் படாமல் ஒடுங்கியிருக்கும். நடுவில் சிறு தட்டைப் போன்ற சூலகமுடி. எங்கள் குளத்துப் பூக்களில் அதுவும் மஞ்சள்தான். மிவாகோ கண்ட பூவிலோ அது, உணவுப் பெட்டியில் சோற்றின் நடுவே வைத்த உமேப்பழ ஊறுகாயைப் போலச் சிவந்திருந்தது. மிதக்கும் இலை ஒன்றுகூட இல்லை. இலைகள் அனைத்தும் நீருக்குள்ளேயே, கண்ணாடித்தாள் போல மெலிந்து, ஓட்டத்தின் போக்கில் அசைந்துகொண்டிருந்தன.

நீர்த்தாவர வகைப்பாட்டில் பெயர்பெற்ற பேராசிரியர் அசகாகேயைத் தொலைபேசியில் அழைத்தார்.

"இலையை மட்டும் வச்சு நம்பிடாதீங்க டீச்சர். ஓடுற தண்ணில ஒரு இலை, நின்ன தண்ணில ஒரு இலைன்னு கோஹோனே நல்லா வேஷம் போடும்" என்றார் அவர்.

"சூலகமுடி சிவப்பா இருக்குங்களே…"

"அதுதான் எனக்கும் உறுத்துது. நான் ரெண்டு வருஷம் வெளிநாட்டுல இருப்பேன். திரும்பினதும் நேர்லயே வர்றேன். பூ, காய், விதை மூணும் வேணும். தனிச் சிற்றினம்னா பேர் வைக்கணுமே, கண்டவங்க பேரையே வைப்போம். அதுவரைக்கும் பத்திரமா பாத்துக்குங்க."

தம்முடைய பெயர் ஓரிடத்தில் நிலைக்கக்கூடும் என்ற எண்ணம் மிவாகோவுக்கு அதற்கு முன் தோன்றியதே இல்லை. அன்றிரவு சோற்றை இரண்டு கிண்ணங்களில் போட்டுவிட்டு, ஒன்றைத் திரும்பப் பானையில் கொட்டினார்.

தூர்வாரும்போது மண்வெட்டி பட்டுத் தண்டு அறுந்துவிடுமோ என்ற அச்சத்தில், வசந்தம் வருமுன் ஓர் இனிப்புப் பெட்டியுடன் வாய்க்கால் சங்கத் தலைவர் ஓனுகியின் வீட்டுக்குச் சென்றார்.

"அட, டீச்சரா! யாருக்கு முட்டை மார்க் போட்டீங்கன்னு சொல்லிட்டுப் போக வந்தீங்களா?" என்றார் ஓனுகி.

"இவரு பள்ளிக்கூடத்துல வாங்காத முட்டையா?" என்றாள் அவர் மனைவி தோகியே.

மிவாகோ மூன்று முறை மன்னிப்புக் கேட்ட பிறகே விஷயத்துக்கு வந்தார். "அந்த வளைவுல மட்டும் மண்வெட்டி படாம விட முடியுமான்னு… முடியலைன்னா பரவாயில்லைங்க."

"பூவுக்காகவா? இவ்வளவுதானா? பெட்டியோட வந்ததைப் பாத்து, கல்யாணச் சேதியோன்னு நெனச்சேன்."

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரும்" என்று தோகியே அவர் தொடையில் தட்டினாள். "விட்டுடுவாங்க டீச்சர். அன்னைக்கு நீங்களும் வாங்க. உங்க பூவை நீங்களே காவல் காத்துக்குங்க."

அந்த வசந்தத்தில் மதகை அடைத்து, நீர் வடிந்ததும் ஊரார் இறங்கினார்கள். வளைவின் இரு முனைகளிலும் கயிறு கட்டி, ஒரு கூடைச் சேறுகூட அங்கிருந்து எடுக்காமல் தாண்டிச் சென்றார்கள். மிவாகோ தேநீர் ஊற்றிக்கொடுத்தார். முதன்முறையாக அவர்களோடு கரையில் அமர்ந்து சோற்றுருண்டை தின்றார். "டீச்சருக்குக் கால் மடக்கத் தெரியுதே!" என்று யாரோ கேலி செய்ததை நினைத்து, வீடு திரும்பும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தார்.

கோடையில் வளைவில் ஓட்டம் தளர்ந்தது. வண்டல் படிந்து, கோரை எழுந்து வெயிலை மறைத்தது. மெல்லிய இலைகளின்மேல் சேறு போர்வையாகப் படிந்தது. பூக்கள் சிலவே வந்தன. காய் ஒன்றும் பிடிக்கவில்லை. ஒரு பூவை மட்டும் பறித்துத் தாளுக்கிடையே அழுத்தி உலர்த்தினார். ஆண்டுதோறும் விழுந்த மண்வெட்டிதான் அச்செடிக்கு ஓடும் நீரையும் வெளிச்சத்தையும் கொடுத்துவந்தது என்பதும், அறுந்த தண்டு மீண்டும் துளிர்க்கும் என்பதும் உயிரியல் ஆசிரியைக்கு விளங்காமல் இல்லை. வளைவையும் வாரச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு வாக்கியம்.

இலையுதிர்காலத்தில் அதைச் சொல்வதற்காகவே ஓனுகியின் வீட்டுக்குப் போனார். அவர் வாய் திறக்குமுன், ஓனுகி கொட்டகையிலிருந்து ஒரு பலகையைத் தூக்கிவந்தார். "டீச்சரின் பூ. யாரும் தொடாதீர்கள்" என்று தூரிகையால் எழுதியிருந்தது.

"எழுத்து எப்படி? மூணு பலகை வீணாச்சு" என்றார் ஓனுகி.

"ரொம்ப அழகா இருக்குங்க" என்றார் மிவாகோ. பலமுறை குனிந்து வணங்கிவிட்டுத் திரும்பினார். தொடச் சொன்னால் பலகைக்கு வேலை இல்லை. பலகை இல்லையென்றால் கரையில் தமக்கும் இடம் இருக்காதே என்று தோன்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாமே மண்வெட்டியுடன் இறங்கினார். முழங்காலுக்கு மேல் சேறு இழுத்தது. வரப்பில் வந்த தோகியே பதறிப்போனாள். "பூவைப் பாக்கவா இறங்கினீங்க? கையைக் குடுங்க டீச்சர்!"

"ஆமாங்க… பாக்கத்தான்" என்றார் மிவாகோ, மண்வெட்டியைக் கோரைக்குள் நழுவவிட்டபடி.

மறுவசந்தத்திலும் ஊரார் பலகைக்கு வணக்கம் வைத்து வளைவைத் தாண்டிப் போனார்கள்.

ஜூலையில் பேராசிரியர் வந்தார். ஓனுகியும் தோகியேயும் உடன் வந்தார்கள். கோரையை விலக்கியதும் ஒரு மஞ்சள் பூ தெரிந்தது. பேராசிரியர் குனிந்து பார்த்தார். சூலகமுடி மஞ்சள். பக்கத்திலேயே தடித்த வட்ட இலைகள் மிதந்தன. குளத்திலிருந்து வந்து, தேங்கிய நீரில் வேர்விட்ட சாதாரணக் கோஹோனே. அடியில் கைவிட்டுத் துழாவியபோது, பழைய செடியின் தண்டு கஞ்சியைப் போலக் கரைந்து வந்தது. மிவாகோ தாம் உலர்த்திய பூவை நீட்டினார். அதன் சிவப்பு பழுப்பாகியிருந்தது.

"காஞ்சா எல்லாப் பூவும் இந்த நிறம்தான் டீச்சர்" என்றார் பேராசிரியர் மெதுவாக. "காயும் இல்லாம, இதை வச்சு நான் எதுவும் எழுத முடியாது. இந்த இடத்தை ஏன் யாரும் வாரல?"

ஓனுகி தொப்பியைக் கழற்றினார். "டீச்சர் கேட்டுக்கிட்டாங்க. தண்ணி ஏறி என் மூலைவயல்ல நாத்தெல்லாம் அழுகுது. வாரிடலாமான்னு கேக்க உங்க வாசல் வரைக்கும் வந்தேன் டீச்சர். ஆசையா வளக்கிறீங்க, எப்படிக் கேக்கறதுன்னு திரும்பிட்டேன்."

"நானும் வாரச் சொல்லத்தான் வந்தேன்" என்றார் மிவாகோ. "பலகை காட்டின அன்னைக்கு."



"நல்லா இருக்கு!" என்றாள் தோகியே. "உங்க ரெண்டு பேருக்கும் இந்தத் தண்ணியே தேவலை. அதுவாச்சும் வழிஞ்சு சொல்லிச்சு." சிரிக்கத் தொடங்கியவள், மிவாகோவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அடுத்த வசந்தத்தில் வளைவையும் சேர்த்துத் தூர்வாரினார்கள். பூ இல்லை; ஆகவே டீச்சரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று யாரும் அழைக்கவில்லை. மிவாகோ காலையிலேயே தேநீர் காய்ச்சி, குடுவையில் நிரப்பி, காலணியையும் அணிந்துகொண்டு வாசற்கதவின் பின்னே நின்றார். கரையில் சிரிப்பொலி எழுந்து அடங்கியது. நண்பகலில் காலணியைக் கழற்றினார். தேநீரைத் தாமே குடித்தார்.

இழந்தவை இவை. வளைவிலிருந்த செடி முழுவதும். அதன் காயும் விதையும், அவற்றை யாரும் கண்டதில்லை. ஒரு சிவப்பு நிறம். வைக்கப்படாத ஒரு பெயர். ஓனுகியின் மூலைவயலில் ஒரு பருவத்து நெல். சேற்றில் போன ஒரு மண்வெட்டி. கரையில் ஒருவர் அமரும் அளவு இடம்.