பெஞ்சிலிருந்து கேட்ட பாட்டு

சின்னராஜைப் பிடித்துக்கொண்டு போக ஒரு நாளும் ஜீப் வந்ததில்லை. வேடிக்கையே அதுதான். வருஷா வருஷம் மே மாதம், கோடை விழாவைத் திறந்து வைக்க மந்திரி ஏற்காட்டுக்கு வருவதற்கு முந்தின நாள் ஏட்டு ராஜேந்திரனிடமிருந்து போன் வரும். "ஏனுங்க, நாளைக்குக் காலைல வந்துருங்க." அவ்வளவுதான். பக்கத்து மலைக்கிராமமான வாழவந்தியில் கொஞ்சம் காப்பியும் மிளகும் வைத்துப் பிழைக்கும் சின்னராஜ் முதல் பஸ்ஸைப் பிடித்து ஏற்காட்டில் ஒண்டிக்கடை ஸ்டாப்பில் இறங்குவார். நேராக ஸ்டேஷனுக்குப் போய்ச் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். மந்திரி மலை இறங்கும் வரைக்கும் அங்கேதான். டீ தருவார்கள், மத்தியானம் பரோட்டா வாங்கித் தருவார்கள், ஒருவர்கூட மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. இத்தனை பதவிசாக ஒரு மனுஷனைக் கட்டிப்போட முடியும் என்றால் விலங்கு எதற்கு?

பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஓர் எஸ்டேட்காரர், சனங்கள் சுடுகாட்டுக்குப் போகும் தடத்தை மறித்து இரும்புக் கேட் போட்டார். ஒரு பிரேதம் அந்தக் கேட்டுக்கு வெளியே அரை நாள் வெயிலில் காய்ந்தது. ஆத்திரம் தாங்காமல் சின்னராஜும் நாற்பது பேரும் தார் ரோட்டில் போய் உட்கார்ந்தார்கள். அந்த நேரம் பார்த்தா மந்திரி கார் வர வேண்டும்? காரை நிறுத்தி மனுக் கொடுத்தார்கள். வழக்கானது, பிறகு தள்ளுபடியும் ஆனது. கேட்டையும் பிடுங்கிவிட்டார்கள். சின்னராஜ் பெயர் மட்டும் ஸ்டேஷனில் ரவுடிப் பட்டியலில் ஏறி அங்கேயே தங்கிவிட்டது.

பெஞ்சில் உட்காருவதுகூட அவருக்குப் பெரிதில்லை. மகள் ஹரிணி நாலாம் வகுப்பிலிருந்து கோடை விழா மேடையில் ஆடுகிறாள். பள்ளிக்கூடத்திலிருந்து பன்னிரண்டு பிள்ளைகள், மந்திரி முன்னால், திறப்பு விழா அன்றைக்கே ஆடுவார்கள். கொரோனா வருஷங்கள் போக ஆறு தடவை ஆடிவிட்டாள். ஆறு தடவையும் அப்பன் பெஞ்சில் இருந்தான்.

ஆனால் பாட்டுக் கேட்கும். ஒலிபெருக்கிச் சத்தம் ஸ்டேஷன் சன்னல் வரைக்கும் நன்றாகவே வரும். ஒவ்வொரு வருஷமும் அதே பாட்டுத்தான். இரண்டாவது அடி முடிந்ததும் பாட்டு நின்று மேளம் மட்டும் கொட்டும். அப்போது கூட்டம் ஓவென்று ஆரவாரம் செய்யும். ஒரு தம்ளர் டீ குடித்து முடிக்கிற நேரம் அது நீளும். அந்த இடத்தில் என் பிள்ளை என்னதான் செய்கிறாள்? அதைத் தெரிந்துகொள்ள சின்னராஜின் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். மனைவி கண்ணாயி செல்போனில் படம் பிடித்து வந்து நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "நேர்லதான் பாப்பேன். அது வரைக்கும் எனக்குக் காட்டாத, சொல்லவும் சொல்லாத."

அன்றைக்குப் பொழுது சாய்ந்து வீடு திரும்பினால் சாப்பாட்டுத் தட்டுப் பக்கத்தில் தண்ணீர்த் தம்ளரில் ஒரு டேலியாப் பூ இருக்கும். ஏது என்று கேட்டால், "சும்மா கெடச்சதுங்க" என்பாள் கண்ணாயி. மலர்க் கண்காட்சிக்குப் போனவர்கள் பூவோடு வராமல் வேறு எதோடு வருவார்கள் என்று அவரும் விட்டுவிடுவார்.

ஒரு வருஷம் போனே வரவில்லை. இவர் வழக்கம்போல் மஞ்சப்பையில் மப்ளரையும் பொட்டுக்கடலையையும் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். "நீங்க ஏனுங்க வந்தீங்க? மந்திரி வரலைங்களே" என்றார் ராஜேந்திரன். வந்தது வந்தாயிற்று என்று சாயங்காலம் வரைக்கும் இருந்துவிட்டே கிளம்பினார் சின்னராஜ். இதை நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் அவருக்கு உடம்பு கூசும்.

இந்த வருஷம் ஹரிணி பிளஸ் டூ முடித்துவிட்டாள். அடுத்த மாதம் கோயமுத்தூரில் நர்சிங். மேடை ஏறுவது இதுதான் கடைசி. அதனால்தான் பங்குனியிலேயே சேலத்துக்குப் போய், அந்தப் பாதை வழக்கை நடத்திய வக்கீல் பாலசுப்பிரமணியத்தைப் பார்த்தார்.

"ஒருத்தரு ஒரு பொழுது உக்காந்தா ஆயிரம் பேருக்கு நிம்மதின்னு ஏட்டய்யா சொல்றாருங்க. அதுலயும் நாயம் இருக்குதுங்களே" என்று தயங்கினார்.

வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அந்த ஆயிரத்துல நீங்க சேத்தி இல்லீங்களா?"

வக்கீலே பட்டியலில் அவர் பெயர் இன்னும் இருக்கிறதா என்று கேட்டு, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினார். "மறுபடியும் கூப்பிட்டா சண்டை போடாதீங்க. 'கூப்பிடறதை எழுதிக் குடுங்க, வர்றேன்'னு மட்டும் சொல்லுங்க."

விழாவுக்கு மூன்று நாள் முன்னால் தபாலில் பதில் வந்தது. மேற்படி நபரின் பெயர் ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது என்று இரண்டே வரி. சின்னராஜ் காப்பிச் செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். ஒன்பது வருஷம். ஹரிணி முதல் தடவை மேடை ஏறியதற்கு முந்தின வருஷம். எண்ணிப் பார்த்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யாரும் பூட்டாத கதவுக்குப் பின்னால் ஆறு தடவை உட்கார்ந்திருந்திருக்கிறார். மகளிடம் சொல்லவில்லை. "இந்த வருசம் வந்தர்றேன் கண்ணு" என்று சொல்லிச் சொல்லி அந்த வார்த்தை நைந்துபோயிருந்தது.

முந்தின நாள் போன் வந்தது.

"பட்டியல்ல என்ற பேரே இல்லீங்களாமா" என்றார் சின்னராஜ்.

"அட சாமி! போன வருசத்து லிஸ்ட்டைப் பாத்துத்தானுங்க இந்த வருசத்ததை எழுதறோம். பெரிய புக்கை யாருங்க எடுத்துப் பொரட்டறாங்க?" என்றார் ராஜேந்திரன். பிறகு குரல் இறங்கியது. "எதுக்கும் நாளைக்கு ஒரு நாள் வந்துருங்களேன். இன்ஸ்பெக்டரு புதுசுங்க."

"எழுதிக் குடுங்க, வர்றேன்" என்று சொல்லி போனை வைத்தார்.

மறுநாள் ஹரிணி விடியும் முன்பே பள்ளி வேனில் போய்விட்டாள். சின்னராஜ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்து, கண்ணாயியோடு பஸ் ஏறினார். அவளுக்கே நம்பிக்கை இல்லை. "ஸ்டேசனுக்குப் போயிட்டே போலாமுங்களா?" என்று வழியில் இரண்டு தடவை கேட்டாள். ஒண்டிக்கடையில் இறங்கியதும் கால் தன்னால் ஸ்டேஷன் பக்கம் திரும்பியது. இழுத்துத் திருப்பிக்கொண்டார்.

மைதானத்தில் ஐந்தாவது வரிசையில் இடம் கிடைத்தது. காக்கி தெரிந்தபோதெல்லாம் கை சட்டைப்பையைத் தடவியது. மந்திரி பேசி முடித்தார். பாட்டுத் தொடங்கியது. பச்சைப் பாவாடை, ஒரே மாதிரி கொண்டை, ஒரே மாதிரி பூச்சு. பன்னிரண்டில் தன் பிள்ளை எது என்று சின்னராஜுக்குத் தெரியவில்லை. "ஓரத்துல, கடைசிப் புள்ளைங்க" என்றாள் கண்ணாயி. மகள் இத்தனை உயரமாகிவிட்டாள் என்பதே அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

இரண்டாவது அடி முடிந்தது. மேளம் மட்டும் கொட்டியது. பிள்ளைகள் ஆளுக்கொரு டேலியாவை எடுத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி ஓடினார்கள். ஒவ்வொருத்தியும் கூட்டத்துக்குள் தன் அப்பனைத் தேடிப் பூவைக் கொடுத்தாள். கூட்டம் ஓவென்று கத்தியது. மேடையில் ஒருத்தி மட்டும் பூவோடு நின்றாள்.

"அவ எறங்க மாட்டாளுங்க" என்றாள் கண்ணாயி, அவர் முகத்தைப் பார்க்காமல். "என்றகிட்டக் குடுன்னா கேக்க மாட்டா. 'இது அப்பாவுது'ம்பா. ஊட்டுக்குத்தான் கொண்டாருவா."

தம்ளரில் இருந்த ஆறு பூக்களும் சின்னராஜின் கண்முன் வந்து நின்றன. எழுந்தார். ஆட்களை விலக்கிக்கொண்டு முன்வரிசைக் கயிறு வரைக்கும் போய்விட்டார். சேலத்திலிருந்து பந்தோபஸ்துக்கு வந்திருந்த இளவயதுப் போலீஸ்காரர் கையை நீட்டினார். "யாருங்க நீங்க? உக்காருங்க."

மரியாதையாகத்தான் சொன்னார். சின்னராஜ் புல் தரையில், கயிற்றுக்குக் கீழே, அப்படியே உட்கார்ந்துவிட்டார். மேளம் ஓயப்போகிறது என்று அவருக்குத் தெரியும். பெஞ்சில் இருந்திருந்தால் டீ இன்னும் ஒரு வாய்தான் மிச்சம் இருக்கும். பதினாலு வருஷம் கேட்ட சொல், உக்காருங்க. எழுதிக் கொடுத்தார்களா?

கயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அவ அப்பனுங்க" என்றார் போலீஸ்காரரிடம். பிறகு, அன்றைக்குத் தார் ரோட்டில் போட்ட அதே குரலில், "ஹரிணீ! கண்ணு!" என்று கத்தினார்.

மேடை ஓரத்தில் நின்றவள் தலையைத் தூக்கினாள். அந்தக் குரல் அந்த மைதானத்தில் எப்படி வரும் என்று அவளுக்குப் புரியவில்லை. முதலில் ஸ்டேஷன் இருக்கும் திசையைப் பார்த்தாள். அப்புறம்தான் கயிற்றுப் பக்கம் திரும்பினாள்.

பாட்டு மறுபடி தொடங்கிவிட்டது. மற்றப் பிள்ளைகள் மேடை ஏறிக்கொண்டிருந்தார்கள். ஹரிணி இறங்கினாள்.