வடிவு தாலி கழற்றிய நாள்

...முன்னாலா பின்னாலா, அவ்வளவுதான் ஏட்டு தேவசிகாமணி கேட்டது, தம்பி இசக்கிமுருகன் என்றைக்கு வீட்டை விட்டுப் போனான் என்று சொல்லக்கூட எங்கள் வீட்டில் ஆளில்லை, வாழைத்தார் ஏற்றப் போகிறவன், பத்து நாள் பதினைந்து நாள் வராமல் இருப்பான், யாரும் தேடவில்லை, நானும்தான். ஜூன் பதினாலு, ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் ஒதுங்கிய உடல், முகம் தெரியவில்லை, புதைத்தாயிற்று. "அதுக்கு முந்தி போயிருந்தாத்தான் தோண்டி எடுக்க எழுதிப்போட முடியும், தேதியச் சொல்லுங்கம்மா." பிந்திப் போயிருந்தால் அது அவனில்லை, எங்கேயோ இருக்கிறான். அம்மாவுக்குத் தேதி ஏது, அவளுக்குக் காலண்டரே டிவி நாடகம்தான்... "நாடகத்துல வடிவு தாலியக் கழத்தி உண்டியல்ல போட்டால்லா, அன்னைக்குத்தான். சோறு கேட்டான், பைய இருலே, நாடகம் முடியட்டும்னேன், திரும்பிப் பாத்தா ஆளக் காணும்." நாலு மாதமாக இதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை, எப்படிச் சொல்வாள்?

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து செல்போனில் அந்த நாடகத்தின் கதைப் பக்கத்தைத் தேடுகிறேன், இல்லை, எப்படி இருக்கும், போன மாதம் நீக்கச் சொன்னதே நான்தானே. நூலகத்தில் வேலை பார்க்கிற திமிர், சாயங்காலமானால் இணையக் கலைக்களஞ்சியத்தில் பிழை திருத்துகிற பெரிய மனுஷி, அந்த நாடகத்தின் அறுநூறு நாள் கதையையும் நாள்வாரியாகத் தேதி போட்டு எழுதிவைத்திருந்த பெனிஷா என்ற பெண்ணிடம், இதனால் யாருக்கு என்ன பயன், கலைக்களஞ்சியம் குப்பைத்தொட்டி இல்லை என்று எழுதினேன், அவள் அக்கா அக்கா என்று கெஞ்சினாள், எனக்கு இனித்தது, ஆமாம், இனித்தது. இப்போது அந்தச் சேனலையே மூடிவிட்டார்கள், வேறு போக்கிடமில்லை, வெட்கத்தை விட்டு அவளிடமே கேட்டேன். உடனே பதில். "எங்கிட்ட ஒரு பிரதி இருக்குக்கா. எந்த நாள் கதை வேணும்?" ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம் அவள், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏட்டி, கெடச்சுதா?" அம்மா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். இன்னும் இல்லம்மா என்கிறேன், பொய். வடிவு தாலி கழற்றிய நாள்... நாலே சொல், அடித்தும் வைத்துவிட்டேன், அனுப்பத்தான் விரல் வரவில்லை. அனுப்பாதவரைக்கும் அவன் எங்கேயோ தார் ஏற்றிக்கொண்டு இருப்பான், பசியோடாவது இருப்பான். அந்தப் பக்கத்தால் என்ன பயன் என்று கேட்டவள் நான், பயன் தெரிந்துதான் இப்போது பயப்படுகிறேனா? ஏட்டு பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறார்.