வெறிக்குமா, வெறிக்காதா?

வைனா, புளித்துக் காடியாகிப்போன வினாகிரியா என்று அறிய உலகத்தில் ஒரே வழிதான் உண்டு: நாக்கில் விட்டுப் பார்ப்பது. சூசைதாசனோ தன் நாக்கை அந்தோனியாருக்கு எழுதிக் கொடுத்துவிட்டவன்.

மூன்று வருடத்துக்கு முன் அவன் மனைவி பெர்னடெட் நெருப்புக் காய்ச்சலில் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தாள். நாளெல்லாம் கள்ளுத் தவறணையில் கிடந்து பழகிய மனிதன், அவளுடைய பாயருகில் விழுந்து நேர்ந்தான்.

“அந்தோனியாரே, இவள் எழும்பினால் வெறிக்கிற சாமான் ஒண்டும் இனி என்ரை நாக்கிலை படாது. பட்டால் இவளை நீரே எடும்.”

விடிந்ததும் அவள் எழுந்து கஞ்சி கேட்டாள். அதன்பிறகு தவறணை இருக்கிற தெருவாலும் அவன் போவதில்லை.

இப்போது உலக யுத்தம். கப்பல் வருவதில்லை, கொழும்புத்துறைக் கோயிலில் பூசைக்கு ஒரு துளி வைன் இல்லை. நாளைக்குத் திருநாள். புதிதாக வந்த பங்குக்குரு செபநாயகம் சுவாமியின் காதில் யாரோ போட்டுவிட்டார்கள்: சூசைதாசன் முன்பு பட்லராக இருந்த துரை வீட்டு நிலவறையில் பழைய சிவப்பு வைன் கிடக்கிறதென்று. துரை சீமைக்குப் போகும்போது, மிச்சத்தை நீயே எடுத்துக்கொள் என்று நிலவறைப் பூட்டின் திறப்பை அவனிடம்தான் கொடுத்திருந்தார். அவன் பயத்தில் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

சுவாமியோடு போய்த் திறந்து பார்த்தபோது மூன்று போத்தல்கள் இருந்தன. ஒரே வருடத்துச் சரக்கு, ஒரே தட்டில் பக்கம் பக்கமாகப் படுத்துக் கிடந்தவை. முதலாவதின் தக்கையை இழுத்ததுமே புளிப்பு நெடி மூக்கைத் துளைத்தது. அச்சாறு போடலாம், வேறொன்றுக்கும் உதவாது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதுதான் ஆளைக் குழப்பியது. வெள்ளைப் பீங்கானில் ஊற்றினால் சிவப்பில்லை, கூரை ஓட்டின் நிறம். அடியில் கறுத்த மண்டி. மணம் ஒருதரம் காய்ந்த பழம் என்றது, இன்னொருதரம் ஈர மரம் என்றது, இடையில் புளிப்பும் எட்டிப் பார்த்தது.

சுவாமி ஒரு மிடறு குடித்தார். முகம் கோணியது.

“புளிக்குது, கைக்கவும் செய்யுது. பூசை வைன் இனிக்குமெல்லோ? வினாகிரியாப் போயிருந்தால் பூசையே செல்லாது. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை, சூசை. துரை வீட்டிலை குடிச்சுப் பழகினவன் நீ. நீ சொல்லு.”

“பழசானால் நிறம் இறங்கும் சுவாமி, மண்டியும் விழும். அது பழுதில்லை. ஆனால் உள்ளுக்கை உயிர் கிடக்கோ எண்டு நாக்குத்தான் சொல்லும்.”

“அப்ப நாக்கிலை விடு.”

சூசைதாசன் நேர்த்திக்கடனைச் சொன்னான். “வினாகிரி எண்டால் என்ரை நேர்த்தி முறியாது. வைன் எண்டால் முறியும். எது எண்டு அறியிறதுக்குக் குடிக்கவேணும். குடிச்ச பிறகு அறிஞ்சு என்ன பிரயோசனம், சுவாமி?”

சுவாமிக்கும் தலை சுற்றியது. போத்தலை அவன் கையிலேயே கொடுத்து, பின்னேரத்துக்குள் ஒரு முடிவு சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார்.

வீட்டில் அவன் பட்ட பாடு சொல்லி மாளாது. பாலில் விட்டான், திரைந்தது. தேசிக்காய் விட்டாலும் பால் திரையும்தானே? அப்பச்சோடாவில் விட்டான், நுரைத்தது. அது எதற்குத்தான் நுரைக்காது? சந்தையால் வந்த பெர்னடெட் கடகத்தை இறக்கி வைத்துவிட்டு, விஷயத்தைக் கேட்டுச் சிரித்தாள்.

“நேர்ந்தது உங்கடை நாக்குக்குத்தானே? என்ரை நாக்குக்கு இல்லையே!”

அவன் தடுக்குமுன் கோப்பை நிறைய ஊற்றி, ஒரு வாய் மிச்சம் வைத்துக் குடித்துவிட்டாள். காலையிலிருந்து வெறும் வயிறு.

“என்ன மாதிரி?”

“எனக்கென்ன தெரியும்? துருப்பிடிச்ச தகரம் மாதிரிக் கிடக்கு.”

போச்சுது, வினாகிரிதான் என்று நினைத்தான். சற்று நேரத்தில் அவள் சுவரோடு சாய்ந்து, தன்பாட்டில் சிரிக்கத் தொடங்கினாள்.

“டேய் சூசை!”

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் புருஷன் பெயரைச் சொன்னதில்லை. செபத்தில் ‘இயேசு, மரி, சூசை’ என்று வரும் இடத்திலும் ‘இயேசு, மரி, எங்கடை அவர்’ என்றுதான் முணுமுணுப்பாள். அப்படிப்பட்டவள் டேய் போடுகிறாள்! வெறிக்கிறது, வைனேதான்! சந்தோஷத்தில், சுவாமியிடம் ஓடுவதற்குப் போத்தலைத் தக்கை போட்டு இறுக்கினான்.

“ஓடாதை, இரடா. ஒரு கதை கேள். எனக்குக் காய்ச்சல் விட்டது திங்கட்கிழமை. நீ குடியை விடுறன் எண்டு நேர்ந்தது வெள்ளிக்கிழமை.”

“என்னடி சொல்லுறாய்?”

“கண்ணை மூடிக்கொண்டு கிடந்தனான். மெழுகுதிரி தாறன் எண்டாய், மடுக் கோயிலுக்கு நடந்து வாறன் எண்டாய். குடியைப் பற்றி மூச்சில்லை. அதைச் சொல்லுமட்டும் எழும்புறேல்லை எண்டு கிடந்தன். அய்யோ சூசை, என்ன பசி பசிச்சுது!”

சிரித்தாள். பிறகு அழுதாள். அழுதபடியே தரையில் சரிந்து தூங்கிப் போனாள்.

அவன் போத்தலைக் கீழே வைத்தான். அப்படியென்றால் அந்தோனியார் ஒன்றுமே செய்யவில்லையா? ஏமாற்றி வாங்கிய நேர்த்தி செல்லுமா? கோபம் வந்தது. அவளை அப்படிப் பட்டினி கிடக்கவைத்த தன்மீது வெட்கமும் வந்தது. இரண்டையும் தள்ளிக்கொண்டு தாகம் வந்தது. கோப்பையில் ஒரு வாய் கிடந்தது. இனி அவனைக் கட்டிப்போட எதுவுமில்லை. உதடுவரை கொண்டுபோனான்.

மற்றக் கை தன்பாட்டில் அவள் நெற்றிக்குப் போனது. சுட்டது. வைனின் சூடா, காய்ச்சலின் சூடா என்று அவனுக்குத் தெரியவில்லை. ‘பட்டால் இவளை நீரே எடும்’ என்று சொன்ன வாய் அவனுடையதுதான். கோப்பையில் கிடந்ததை முற்றத்தில் ஊற்றினான். சுவாமி காத்திருக்கட்டும் என்று, அவள் விழிக்கும்வரை நெற்றியிலிருந்து கையை எடுக்காமல் இருந்தான்.